பாத் சிட்டில லைவ் மியூசிக் எங்க கேக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துல பிரிஸ்டலுக்குப் பக்கத்துல இருக்குற பாத் நகரத்துக்குப் படிக்க, வேலை பாக்க, இல்ல சும்மா ரெண்டு நாள் சுத்திப் பாக்கன்னு வர்றவங்க என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற விஷயங்கள எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். டைமிங் எல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்தந்த இடத்தோட பேஜ்ல செக் பண்ணிக்கோங்க.

இது ரோமன் பாத்ஸ் பாக்க வர்ற டூரிஸ்ட் ஊர் தானே, லைவ் மியூசிக் எல்லாம் உண்மையிலேயே இருக்கா?

நல்லாவே இருக்கு. மொத்த ஜனத்தொகையே ஒரு லட்சத்த தொடாத ஊர், ஆனா டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் பேண்ட் 1981ல இங்க தான் ஆரம்பிச்சாங்க. ஆத்தங்கரையில 'ரெக்'னு சொல்ற ரக்பி கிரவுண்ட் இருக்கே, 1969ல அங்க ஒரு ப்ளூஸ் ஃபெஸ்டிவல் நடந்துச்சு, லெட் செப்லின், ஃப்ளீட்வுட் மேக் எல்லாம் வாசிச்சாங்க. அடுத்த வருஷம் கூட்டம் தாங்காதுன்னு அதையே ஷெப்டன் மாலட் பக்கத்துல ஒரு பெரிய மைதானத்துக்கு மாத்துனாங்க, அதப் பாக்கப் போன மைக்கேல் ஈவிஸ்னு ஒரு பால் பண்ணைக்காரர், நம்ம பண்ணையிலயும் இப்படி ஒண்ணு நடத்தலாமேன்னு அதே 1970 செப்டம்பர்ல ஆரம்பிச்சது தான் இன்னைக்கு உலகமே பேசுற கிளாஸ்டன்பரி ஃபெஸ்டிவல். டிக்கெட் அப்ப ஒரு பவுண்டு, பால் ஃப்ரீ. அந்தக் கதையோட வேர் இந்த ஊர்ல தான் இருக்கு.

என்ன ஒண்ணுன்னா இங்க இசை வெளிய போர்டு போட்டு நிக்காது. பப்போட பின்பக்கம், சர்ச்சுக்குள்ள, பழைய சினிமா தியேட்டர்ல, மூடிப்போன ரயில்வே ஸ்டேஷன்லன்னு அங்கங்க ஒளிஞ்சு கிடக்கும். எங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா வாரத்துல பாதி நாள் ஏதாவது ஒண்ணு கேக்கலாம்.

கூகுள்ல லைவ் மியூசிக் வென்யூன்னு போட்டா அதே நாலு பேர் தான் வருது, அதுல ஒண்ணு மூடியே போச்சு. வேற எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல்ல இடத்த தேடாதீங்க, கிழமைய தேடுங்க. சின்ன ஊர்ல பெரும்பாலான பப்ல தினமும் மியூசிக் இருக்காது, ஆனா வாரத்துல ஒரு ராத்திரி, மாசத்துல ரெண்டாவது வியாழன், இப்படி ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, அது வருஷக்கணக்கா மாறாது. அந்தக் கணக்கு பாதி இடத்துல இன்டர்நெட்லயே இருக்காது, வாசல்ல சாக்பீஸ்ல எழுதுன கரும்பலகையில இருக்கும், இல்லன்னா டாய்லெட் போற வழியில ஒட்டிருக்குற போஸ்டர்ல இருக்கும். சும்மா ஒரு மதியம் வால்காட் ஸ்ட்ரீட்ல ஆரம்பிச்சு நடந்து விட்கம் வரைக்கும் போங்க, வழியில இருக்குற பப் வாசல் போர்டு எல்லாம் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க, உங்க காலண்டர் ரெடி.

ரெண்டாவது, ஆளுங்கள ஃபாலோ பண்ணுங்க. ஒரு ராத்திரி ஒரு பேண்ட் புடிச்சுப்போச்சுன்னா அந்த பேண்டோட இன்ஸ்டாவ ஃபாலோ பண்ணுங்க, ஏன்னா உள்ளூர் வாத்தியக்காரங்க ஒரே ஆள் மூணு நாலு பேண்ட்ல வாசிப்பாங்க, செவ்வாய்க்கிழமை ஜாஸ் பேஸ் வாசிக்கிறவர் வெள்ளிக்கிழமை வேற ஒரு பப்ல கன்ட்ரி பேண்டோட நிப்பார், அவர் பின்னாடி போனாலே உங்களுக்குத் தெரியாத நாலு இடம் தெரிஞ்சுடும்.

ஆப்னு பாத்தா சாங்கிக், பேண்ட்ஸ்இன்டவுன் ரெண்டும் டூர் வர்ற பேண்டுக்கு ஓகே, ஆனா உள்ளூர் பப்ல நடக்குற கிக் (அதாவது சின்ன லைவ் நிகழ்ச்சி) அதுல வராது. என்ட்ஸ்24, ஸ்கிடில் கொஞ்சம் பரவால்ல. ஹெட்ஃபர்ஸ்ட்னு ஒரு பிரிஸ்டல் டிக்கெட் சைட் இருக்கு, சின்னச் சின்ன நிகழ்ச்சிக்கு அது தான் பெஸ்ட், பாத்ல நடக்குறதும் சிலது அதுல வரும். இங்க்லீஷ் பப் எல்லாம் இன்னும் ஃபேஸ்புக்க விடல, அதனால நீங்க ஃபேஸ்புக்க விட்டு வருஷக்கணக்காயிருந்தாலும் இதுக்காக ஒரு அக்கவுன்ட் வச்சுக்கோங்க.

இதெல்லாத்தையும் விட ஈஸியான வழி, கூட்டம் இல்லாத நேரத்துல பார்ல போய் நின்னு "இந்த வாரம் எங்க நல்ல மியூசிக் இருக்கு"ன்னு கேக்குறது தான். தங்களோட கடைய மட்டும் சொல்ல மாட்டாங்க, எதிர்ல இருக்குற கடையையும் சேத்துத் தான் சொல்லுவாங்க, இந்த ஊர்ல அந்த ஒத்துமை எனக்கு ரொம்பப் புடிக்கும்.

ஒரே ஒரு ராத்திரி தான் இருக்கேன். ஒரு இடம் மட்டும் சொல்லுங்க.

வால்காட் ஸ்ட்ரீட்ல இருக்குற தி பெல். ரொம்ப வருஷமா திங்கள், புதன் ராத்திரியும் ஞாயிறு மதியமும் அங்க லைவ் பேண்ட், டிக்கெட் கிடையாது, சும்மா உள்ள போய் நிக்கலாம். ஜாஸ், ஃபோக், ப்ளூஸ், ரெக்கேன்னு என்ன வரும்னு சொல்ல முடியாது, தெரியாத பேண்டா இருந்தாலும் தைரியமா போங்க, அங்க யார வாசிக்க விடணும்னு பாத்துப் பாத்து தான் எடுக்குறாங்க.

அந்த பப்போட கதை தெரிஞ்சுட்டுப் போனா இன்னும் நல்லாருக்கும். 2013ல ஓனர் விக்கிறதா முடிவு பண்ணாரு. யாராவது பெரிய கம்பெனி வாங்குனா மியூசிக்க நிப்பாட்டிட்டு ஹோட்டலா மாத்திடுவாங்கன்னு எல்லாருக்கும் பயம். அப்ப அங்க வழக்கமா வர்றவங்க, வேலை பாக்குறவங்கன்னு 536 பேர் சேந்து ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு கூட்டுறவு சங்கமா பப்பையே வாங்கிட்டாங்க. அதுல லெட் செப்லின் பாடகர் ராபர்ட் பிளான்ட், இன்னொரு பெரிய பாடகர் பீட்டர் கேப்ரியல், முன்னாடி சொன்ன அதே மைக்கேல் ஈவிஸ் எல்லாம் இருக்காங்க, ஆனா பெரும்பாலான ஆளுங்க அந்தத் தெருவுல, பக்கத்துத் தெருவுல இருக்குற சாதாரண ஜனங்க. நீங்க ஒரு பைண்ட் பீர் வாங்குறப்ப பக்கத்துல நிக்கிறவர் அந்த பப்போட ஓனர்ல ஒருத்தரா இருக்க சான்ஸ் நிறைய.

ஒரு டிப்ஸ், பேண்ட் ஆரம்பிக்கிறதுக்கு அரைமணி நேரம் முன்னாடியே போங்க. ஆரம்பிச்சப்புறம் உள்ள நகர முடியாது, கையில கிளாஸ தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு "சாரி, சாரி"ன்னு சொல்லிக்கிட்டே தான் பார் வரைக்கும் போய்ட்டு வரணும். டிரம்ஸ் பக்கத்துல நின்னா காது வலிக்கும், கொஞ்சம் தள்ளி பார் ஓரமா நிக்கிறது தான் சவுண்டுக்கு நல்லாருக்கும்.

மோல்ஸ்னு ஒரு ஃபேமஸ் இடம் இருக்குன்னு படிச்சேன். திறந்திருக்கா?

ஜார்ஜ் ஸ்ட்ரீட்ல 1978ல ஆரம்பிச்ச அந்த கிளப்ப 2023 டிசம்பர்ல மூடிட்டாங்க. இருநூறு பேர் சொச்சம் நின்னாலே நிறைஞ்சிடுற ஒரு நிலவறை, தி க்யூர், ரேடியோஹெட், ஒயாசிஸ், எட் ஷீரன்னு பின்னாடி ஸ்டேடியத்துல வாசிச்சவங்க எல்லாம் அந்தச் சின்ன ரூம்ல வாசிச்சிருக்காங்க. 2013 கடைசில தீப்பிடிச்சு அதுலருந்தே எழுந்து வந்த இடம். கடைசியில கரண்ட் பில், வாடகை, சரக்கு விலைன்னு எல்லாம் ஏறி, வர்ற ஜனங்க கையிலயும் காசு இல்லாம, கட்டுப்படியாகலன்னு சொல்லித் தான் மூடினாங்க.

இத எதுக்கு இவ்ளோ சொல்றேன்னா, ஆள் வராததால மட்டும் மூடுன இடம் இல்ல அது. புதுசா வர்ற பேண்ட வாசிக்க விட்டு, சவுண்ட் இன்ஜினியருக்கு, செக்யூரிட்டிக்கு எல்லாம் சம்பளம் குடுத்து, டிக்கெட்ட 10, 12 பவுண்டுக்கு வித்தா சின்ன வென்யூவுக்குக் கையில ஒண்ணும் மிஞ்சாது. மியூசிக் வென்யூ டிரஸ்ட்னு ஒரு அமைப்பு இருக்கு, பெரிய அரீனா, ஸ்டேடியம் ஷோல விக்கிற ஒவ்வொரு டிக்கெட்லயும் ஒரு பவுண்டு எடுத்து இந்த மாதிரி அடிமட்ட இடத்துக்குக் குடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க. எனக்கு அது நூறு சதவீதம் நியாயமா படுது, ஏன்னா ஸ்டேடியத்த நிறைக்கிற ஆள் முதல்ல வாசிச்சுப் பழகுனது இந்த ரூம்ல தான்.

கொஞ்சம் பெரிய ஷோன்னா எங்க?

ஃபோரம், கோமீடியா, ரெண்டு தான். ஃபோரம் 1934ல கட்டுன ஆர்ட் டெகோ சினிமா தியேட்டர், உள்ள போய் கூரையப் பாத்தாலே குடுத்த காசுல பாதி வசூல். இப்ப அது ஒரு சர்ச்சோட சொந்தம், ஞாயிறு வழிபாடு, மத்த நாள் கச்சேரி. சீட் போட்ட ஷோவுக்கு நல்ல இடம், ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போலாம்.

வெஸ்ட்கேட் ஸ்ட்ரீட்ல இருக்குற கோமீடியாவும் பழைய தியேட்டர் தான். சனிக்கிழமை ராத்திரின்னா அங்க ஸ்டாண்ட் அப் காமெடி, மியூசிக்னு நம்பிப் போய்டாதீங்க. அங்க டிரிபியூட் பேண்ட், அதாவது பெரிய பேண்டோட பாட்ட அப்படியே வாசிக்கிறவங்க, நிறைய வரும், எனக்கு அதுல பெரிய ஆர்வம் இல்ல, ஆனா நடுநடுவுல சொந்தப் பாட்டு வாசிக்கிற நல்ல பேண்டும் வரும், அத மட்டும் பாத்து புக் பண்ணிக்கோங்க.

ஜாஸ்?

கிரீன் பார்க் ஸ்டேஷன். 1966ல ரயில் நின்னுபோச்சு, இரும்புக் கூரை மட்டும் அப்படியே நிக்குது, அந்தக் கட்டிடத்துல இருந்த பிராஸரில ரொம்ப வருஷம் சாயங்காலம் ஜாஸ் வாசிச்சாங்க, இப்பவும் உண்டான்னு கேட்டுட்டுப் போங்க. சாப்பாட்டு இடம்னா சுத்திப் பேச்சுச் சத்தம் இருக்கும், உக்காந்து முழுசா கவனிச்சுக் கேக்கணும்னா பெல்லுக்கு ஜாஸ் பேண்ட் வர்ற நாளா பாத்துப் போங்க.

கிளாசிக்கல் கேக்கணும், ஆனா காசு செலவு பண்ண முடியாது. வழி இருக்கா?

இருக்கு, அதுவும் ரொம்ப நல்ல வழி. ஊர் நடுவுல இருக்குற பெரிய சர்ச்சான பாத் ஆபில ஈவன்சாங்னு ஒரு சாயங்கால வழிபாடு நடக்கும், முக்கால் மணி நேரம், பெரும்பகுதி பாட்டு தான். நீங்க எந்த மதமா இருந்தாலும் போய் உக்காரலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, மத்தவங்க எழுந்திருக்கிறப்ப எழுந்தா போதும். சங்கீதம்னு சொல்ற பைபிள் பாட்ட ரெண்டு பக்கமும் நிக்கிற பாடகர்கள் மாறி மாறி பாடுவாங்க, அப்புறம் கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி ஆந்தம்னு ஒரு தனிப் பாட்டு வரும், அதுக்காகவே போகணும். பாட்டு நின்னதும் உடனே சத்தம் அடங்காது, விசிறி மாதிரி விரிஞ்ச அந்தக் கல் கூரையில ஏறி ரெண்டு மூணு செகண்ட் நின்னுட்டுத் தான் போகும், அத ஹெட்ஃபோன்ல கேக்கவே முடியாது. ஃபோன எடுத்து ரெக்கார்ட் பண்ணாதீங்க. ஸ்கூல் லீவு நாள்ல உள்ளூர் குயர் (பாடகர் குழு) இருக்காது, வெளியூர்ல இருந்து வேற குயர் வந்து பாடுவாங்க. ஆபில மதியம் சில நாள் ஆர்கன் கச்சேரியும் உண்டு.

பக்கத்துலயே பம்ப் ரூம், ரோமன் பாத்ஸ ஒட்டி இருக்குற பழைய டீ ஹால். வயலின், செல்லோ, பியானோன்னு மூணு பேர் வாசிக்கிற டிரியோ அங்க ரொம்ப ஃபேமஸ், இந்த ஊர்ல பம்ப் ரூம்ல இசைங்கறது 300 வருஷப் பழக்கம். ஆனா அங்க உக்காரணும்னா டீயோ சாப்பாடோ ஆர்டர் பண்ணணும், விலை ஜாஸ்தி. அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்தா ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க, மத்தபடி அதே வாசல்ல ஆபி சர்ச்யார்ட்ல பஸ்கிங் பண்றவங்க (தெருவுல வாசிச்சுக் காசு வாங்குறவங்க) பாட்டு, படிக்கட்டுல உக்காந்து கேட்டா ஓசி. கேட்டா ஒரு பவுண்டாவது போடுங்க.

இன்னொண்ணு, காசு குடுக்கத் தயார்னா பிராட்ஃபர்ட் ஆன் ஏவன்ல வில்ட்ஷயர் மியூசிக் சென்டர் இருக்கு, டிரெயின்ல கால் மணி நேரம். சுமார் 300 சீட் தான், ஆனா சவுண்டுக்காகவே கட்டுன ஹால், பின்வரிசையில உக்காந்தாலும் வில் கம்பியில உரசுறது கேக்கும்.

வானியல்ல ஆர்வம் இருக்குறவங்களுக்கு ஒரு சங்கதி: யுரேனஸ் கிரகத்தக் கண்டுபிடிச்ச வில்லியம் ஹெர்ஷல் இந்த ஊருக்கு வந்ததே 1766ல ஆக்டகன் சாப்பல்ல ஆர்கன் வாசிக்கிற வேலைக்குத் தான். பகல்ல பாட்டு கிளாஸ், கச்சேரி, ராத்திரி டெலஸ்கோப். 1781 மார்ச் 13 அன்னைக்கு நியூ கிங் ஸ்ட்ரீட் 19ஆம் நம்பர் வீட்டுத் தோட்டத்துல இருந்து தான் அதப் பாத்தார், அவரோட தங்கை கரோலின் அவர் கச்சேரியில பாடுனவங்க, பின்னாடி அவங்களும் வால்நட்சத்திரம் கண்டுபிடிச்சாங்க. அந்த வீடு இப்ப மியூசியம், இசைக்கும் வானத்துக்கும் நடுவுல வாழ்ந்த அந்தக் குடும்பத்துக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

ஃபோக் செஷன்னா என்ன? நான் வயலின் வாசிப்பேன், நானும் சேந்துக்கலாமா?

செஷன்னா மேடை கிடையாது, மைக் கிடையாது. ஒரு மேசையச் சுத்தி ஃபிடில் (வயலின் தான்), புல்லாங்குழல், கிட்டார், அக்கார்டியன்னு எட்டு பத்து பேர் உக்காந்து அவங்களுக்காக அவங்களே வாசிச்சுக்குவாங்க, நம்ம பக்கத்துல உக்காந்து கேக்கலாம். ஒரு ட்யூன மூணு தடவை சுத்தி வாசிச்சுட்டு நிறுத்தாமலே அடுத்த ட்யூனுக்குப் போவாங்க, மாத்தப் போற ஆள் லேசா காலத் தூக்குவார், இல்லன்னா கண்ணால எல்லாரையும் ஒரு பார்வை பாப்பார், சிலர் சுருதிய மட்டும் சத்தமா சொல்லுவாங்க, அவ்ளோ தான், எல்லாரும் ஒரே நொடியில திரும்பிடுவாங்க. அத கிட்ட உக்காந்து பாக்குறது எனக்கு பாட்டக் கேக்குற அளவுக்கே சந்தோஷம்.

சேந்துக்கலாம், ஆனா முதல் நாளே பெட்டியத் திறக்காதீங்க. ஒரு ராத்திரி சும்மா கேளுங்க, நடத்துறவர் யாருன்னு பாருங்க, இடைவெளியில போய் "அடுத்த வாரம் ஃபிடில் கொண்டு வரலாமா"ன்னு கேளுங்க. கர்நாடக இசை கத்துக்கிட்டவங்களுக்கு காதுல கேட்டு உடனே புடிக்கிற பழக்கம் இருக்கும், அது அங்க பெரிய பலம். ட்யூன் தெரியலன்னா மெதுவா கேட்டுக்கிட்டு சும்மா இருக்குறது தான் மரியாதை, தப்புத் தப்பா கூட வாசிக்கக் கூடாது. உங்கள ஒண்ணு தனியா வாசிக்கச் சொன்னா தயங்காம நம்ம ஊர் பாட்டு ஒண்ணு வாசிங்க, மேசையே அமைதியாகிக் கேக்கும்.

பாடுறவங்களுக்கு, யார் வேணும்னாலும் மேடையேறிப் பாடலாம்ங்குற ஓபன் மைக் ராத்திரி தான் ஈஸி. சீக்கிரம் போய் பேர் குடுங்க, ரெண்டு மூணு பாட்டு கிடைக்கும், உங்க பாட்டு முடிஞ்சதும் கிளம்பி ஓடாம மத்தவங்க பாடுறதயும் கேளுங்க, அடுத்த வாரம் உங்க பேர் அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நம்ம பக்கத்து இசைக்கும் இந்த ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

இருக்கு. பாத்ல இருந்து கொஞ்ச தூரத்துல பாக்ஸ்னு ஒரு சின்ன கிராமம், அங்க ஒரு பழைய மில்லுல பீட்டர் கேப்ரியலோட ரியல் வேர்ல்ட் ஸ்டுடியோ இருக்கு. அந்த ரியல் வேர்ல்ட் லேபிள்ல தான் நுஸ்ரத் ஃபதே அலி கான் ஆல்பம் எல்லாம் மேற்கு நாட்டுக்குப் பரவுச்சு, மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மைக்கேல் புரூக் கூட சேந்து பண்ண ஆல்பமும் 1995ல அதே லேபிள்ல வந்துச்சு. ஸ்டுடியோக்குள்ள சும்மா போய்ப் பாக்க முடியாது, அது வேலை நடக்குற இடம்.

நேர்ல கர்நாடக, ஹிந்துஸ்தானி கச்சேரி கேக்கணும்னா பிரிஸ்டல் தான் போகணும். அங்க ஏஷியன் ஆர்ட்ஸ் ஏஜென்சின்னு ஒரு அமைப்பு தெற்காசிய இசைக்காரங்கள வச்சு நிகழ்ச்சி நடத்துது, அவங்க மெயிலிங் லிஸ்ட்ல சேந்துக்கோங்க.

நான் குடிக்க மாட்டேன், தனியா வேற போறேன். சங்கடமா இருக்குமா?

இருக்காது. லைம் அண்ட் சோடா, கோக், ஆல்கஹால் இல்லாத பீர் எல்லாம் எல்லா பப்லயும் கிடைக்கும், ஏன் குடிக்கலன்னு யாரும் கேக்க மாட்டாங்க. டிக்கெட் இல்லாத இடத்துல ஏதாவது ஒண்ணு வாங்குங்க, பேண்டுக்குக் குடுக்குற காசு பார்ல வர்ற காசுல இருந்து தான் போகுது. தொப்பியோ வாளியோ சுத்தி வந்தா கையில இருக்குறதப் போடுங்க. பேண்ட் சிடி, டி-ஷர்ட் வித்தா அது அவங்களுக்கு டீசல் செலவுக்கு ஆகும். தனியா வர்றவங்க இங்க நிறைய பேர், வயசானவங்களும் அதிகம், எழுபது வயசுக்காரர் முதல் வரிசையில ஆடிக்கிட்டு நிக்கிறத சாதாரணமா பாக்கலாம்.

டிக்கெட்ல டோர்ஸ் 7.30னு போட்டிருக்கு. எத்தன மணிக்குப் போகணும், ஏன் எல்லாம் 11 மணிக்குள்ள முடிஞ்சிடுது?

டோர்ஸ்னா கதவு திறக்குற நேரம் மட்டும் தான். பெரும்பாலும் எட்டு மணி வாக்குல சப்போர்ட் ஆக்ட் (முன்னாடி வாசிக்கிற சின்ன பேண்ட்), ஒன்பது மணி வாக்குல மெயின் பேண்ட். சப்போர்ட் ஆக்ட தயவுசெஞ்சு தவறவிடாதீங்க, உள்ளூர் பேண்ட் பெரும்பாலும் அந்த அரைமணி நேரத்துல தான் வாசிக்கும்.

11 மணிக்கு முடியுறதுக்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கு. 2012ல வந்த லைவ் மியூசிக் சட்டப்படி, லைசென்ஸ் வாங்குன பப்ல காலைல 8ல இருந்து ராத்திரி 11 வரைக்கும் லைவ் மியூசிக் நடத்த தனியா அனுமதி வாங்க வேண்டியதில்ல. முதல்ல 200 பேர் வரைக்கும்னு இருந்தத 2015ல 500 ஆக்குனாங்க. 11 தாண்டுனா தான் தனி அனுமதி வேணும். இந்தச் சட்டம் இல்லன்னா பாதி சின்ன பப் மியூசிக் பக்கமே வந்திருக்காது. அது போக, பாத்ல வீடும் பப்பும் ஒரே சுவத்துல ஒட்டிட்டு இருக்கும், வெளிய வந்ததும் தெருவுல நின்னு சத்தமா பேசாதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க கம்ப்ளெய்ன்ட் பண்ணா அடி விழறது அந்த பப்புக்கு.

ஐடி கேப்பாங்களா?

25 வயசுக்குக் கீழ தெரிஞ்சா கேப்பாங்க. பாஸ்போர்ட்ட ராத்திரி பாக்கெட்ல வச்சுட்டு சுத்தாதீங்க, ப்ரொவிஷனல் டிரைவிங் லைசென்ஸ் எடுத்துட்டா அதுவே போதும்.

எந்த மாசம் வந்தா அதிகம் கேக்கலாம்?

மே. 1948ல ஆரம்பிச்ச பாத் ஃபெஸ்டிவல் வழக்கமா அப்ப தான், அதுல பார்ட்டி இன் த சிட்டின்னு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஊர் பூரா சர்ச், பப், பார்க்னு எல்லா இடத்துலயும் இலவசமா வாசிப்பாங்க, எந்தெந்த இடம் இருக்குன்னு தெரிஞ்சுக்க அத விட நல்ல ராத்திரி கிடையாது. மே கடைசில இருந்து ஃப்ரிஞ்ச் ஃபெஸ்டிவல். கிளாசிக்கல் ஆளுங்களுக்கு நவம்பர்ல மொஸார்ட்ஃபெஸ்ட், பிப்ரவரில பாக்ஃபெஸ்ட். ஆகஸ்ட்ல ஸ்டூடன்ட்ஸ் ஊருக்குப் போய்டுவாங்க, டூரிஸ்ட் நிறைய, கிக் கம்மி.

இந்த வாரம் பாத்ல ஒண்ணுமே புடிக்கலன்னா?

பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் டிரெயின்ல பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள. துறைமுகத்துல நிக்கிற கப்பலுக்குள்ள நடக்குற தெக்லா, தி ஃப்ளீஸ், லூசியானா, பழைய சர்ச்சான செயின்ட் ஜார்ஜஸ், 2023 நவம்பர்ல புதுப்பிச்சுத் திறந்த பிரிஸ்டல் பீக்கன்னு எல்லா சைஸ்லயும் இடம் இருக்கு. தெற்குப் பக்கம் ஃப்ரோம்னு ஒரு சின்ன டவுன், அங்க சீஸ் அண்ட் கிரெய்ன்ங்குற ஹால்ல 2017ல ஃபூ ஃபைட்டர்ஸ், 2022ல கிளாஸ்டன்பரில வாசிக்கிறதுக்கு முந்தின நாள் பால் மெக்கார்ட்னி எல்லாம் வாசிச்சிருக்காங்க, அது எண்ணூறு பேர் புடிக்கிற பழைய மார்க்கெட் கட்டிடம்.

ரெண்டு ஊருக்கும் போறப்ப டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி கடைசி டிரெயின் எத்தன மணிக்குன்னு பாத்துடுங்க. ஃப்ரோம்ல இருந்து ராத்திரி டிரெயின் ரொம்பக் குறைவு, கார் இருக்குற நண்பர் கூட போறது நல்லது. பிரிஸ்டல்ல டிரெயின விட்டாலும் எக்ஸ்39 பஸ் இருக்கு, டிரெயின விட நேரம் கூட எடுக்கும், ஆனா பாத் பஸ் ஸ்டேஷன்ல கொண்டு வந்து விட்டுடும்.